காண்டாமிருக முத்திரை

சொடுக்கபுரி நாட்டில் அரசரிடம் வாய் திறந்து பேசுவது மரியாதைக் குறைவு. அதனால் வீட்டுக்கு ஒரு மவுஸ் கொடுத்திருந்தார்கள். அரண்மனை கேள்வி கேட்கும். இடது பட்டனை அமுக்கினால் 'ஆகட்டும்', வலது பட்டனை அமுக்கினால் 'வேண்டாம்'. மவுஸின் முதுகில் காண்டாமிருக முத்திரை இருக்கும். அது கை தவறி விழுந்தால் தரைதான் உடையும் என்று நாடெங்கும் பேச்சு.

பராங்குசம் முத்திரை அமைச்சரானதும் சிக்கனம் பிடித்தார். காண்டாமிருகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மலிவுச் சரக்காக மாற்றினார். பழைய மவுஸ்களைப் பிடுங்கிக்கொண்டு புதியவற்றை வீடு வீடாகக் கொடுத்தார்கள்.

அந்த வாரமே கேள்வி வந்தது: அரசர் சிலையை மறைக்கும் செங்கோடனின் சலூனை இடிக்கலாமா? அந்த ஒற்றை நாற்காலிதான் செங்கோடனுக்குச் சோறு. அவனோடு சேர்ந்து தெருவே விரல் வலிக்க வலதை அமுக்கியது. முடிவு வந்தது: ஆகட்டும் இரண்டு, வேண்டாம் பூஜ்யம். அரசரின் பிறந்தநாள் முடிந்ததும் இடிப்பு.

செங்கோடன் நேராக அமைச்சரிடம் போனான்.

"ஐயா, வலது பட்டன் வேலையே செய்யல."

"மக்களுக்கு மறுப்பே இல்லைன்னு அர்த்தம்."

"அப்ப ஆகட்டும்னு சொன்ன அந்த ரெண்டு பேரு?"

"ரெண்டு பேர் இல்லப்பா. நான் ஒருத்தன்தான், ஒரே தடவைதான் அமுக்கினேன். ரெண்டாப் பதிவாயிடுச்சு. பழசுக்கு இந்தச் சுறுசுறுப்பு உண்டா?"

ஆனாலும் புகாரை அரசு அலட்சியம் செய்யவில்லை. காண்டாமிருகத்தைப் பெரிதாக அச்சடிக்க ஆணை வந்தது. அது பட்டன்மேல் ஏறிக்கொண்டதில் விரல் வைக்க நகநுனி இடம்தான் மிஞ்சியது. அடுத்த ஆணையில் மவுஸின் வயிற்றுக்குள் வண்ண விளக்கு வைத்தார்கள். வீட்டுக்கு வீடு மின்கட்டணம் ஏறியது. மூன்றாவது ஆணையில் அரசரே கையொப்பமிட்டார்: முத்திரை பெற்ற மவுஸ் தவறு செய்யாது, செய்ததாகச் சொல்பவர் எவராயினும் நாடு கடத்தப்படுவார்.

பிறந்தநாள் வந்தது. அன்று அரசர் அடக்கம் காட்டி, "நான் விலகட்டுமா?" என்று கேட்பது வழக்கம். நாடே 'வேண்டாம்' என்று அமுக்கும். அரசர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பிறகு எல்லோருக்கும் கேசரி.

இந்த முறையும் நாடே வலதை அமுக்கியது. செங்கோடன் மட்டும் இடதை அமுக்கினான், ஒரே தடவை.

முடிவைப் பராங்குசமே வாசித்தார். ஆகட்டும் நான்கு, வேண்டாம் பூஜ்யம்.

இரண்டு தன்னுடையது என்று செங்கோடனுக்குத் தெரியும். மீதி இரண்டு யாருடையது என்று யோசித்தபடி அமைச்சரைப் பார்த்தான். அமைச்சர் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண் துடைக்கத் தூக்கிய துண்டோடு அரசர் கத்தினார். "இந்த மவுஸ் தப்பு!"

மூன்றாவது ஆணையைப் பராங்குசம் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார்.

எல்லையைத் தாண்டுவதற்கு முன் மீசையை எடுத்துவிட அரசர் செங்கோடனின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சோப்பு நுரைக்கு நடுவே கேட்டார்: "இனி உன் கடைக்கு ஆபத்து இல்லையே?"

செங்கோடன் பதில் சொல்வதற்குள் சேவகன் புது மவுஸைக் கொண்டுவந்து வைத்தான். காண்டாமிருகம் தங்கத்தில் மின்னியது. கூடவே புதிய அரசர் பராங்குசத்தின் முதல் கேள்வியும் வந்திருந்தது: தம் சிலைக்காகச் சலூனை இடிக்கலாமா?

செங்கோடன் மவுஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரே பட்டன்தான் இருந்தது. இடது.

"வேண்டாம்னு சொல்ல எதை அமுக்கணும்?" என்றார் பழைய அரசர்.

"தலையை ஆட்டாதீங்க," என்றான் செங்கோடன், கத்தியைத் தீட்டியபடி.