அரக்கு எடுக்கப் போய் நீலம் எடுத்தது

திருப்பாதிரிப்புலியூர்,
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.

மஸ்கட் வெயிலிலும் வாடாமல் உழைத்துக்கொண்டிருக்கும் அன்பு மச்சான் இளவரசுக்கு, உன் அக்காவைக் கட்டிய ராஜவேல் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் மகள் வினோதினியும் சுகம். அங்கே உன் உடம்பு, உன் ரூம் ஆட்கள், ரூமில் இருக்கும் ஏ.சி. எல்லாம் சுகமாக இருக்க வடலூர் ஜோதியை வேண்டிக்கொள்கிறேன்.

"மாமா, வினோதினி கல்யாணம் நின்னுபோச்சாமே, நெஜமா?" என்று நீ ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய மெசேஜைப் பார்த்தேன். நிற்கவில்லை. அன்று நின்றது எங்கள் வேன் மட்டும்தான். யாரோ நம் ஊர்க்காரர் சிதம்பரத்து ஜவுளிக்கடையில் எங்களைப் பார்த்துவிட்டு, பாதியிலேயே எழுந்து போய் ஊருக்கெல்லாம் போன் போட்டிருக்கிறார். முழுசாக இருந்து பார்த்திருந்தால் உனக்கு இந்த மனக்கஷ்டம் வந்திருக்காது. போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் உன் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் "அப்படியில்ல, நான் சொல்றேன்" என்பாள். ஆகையால் உன் ரூமில் இருக்கும் பரங்கிப்பேட்டை பாய் லீவு முடிந்து கிளம்புகிறார் என்று தெரிந்ததும் முறுக்கு டப்பாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கு உனக்கும் அவருக்கும். கடிதம் உனக்கு மட்டும்.

கூரைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது என்பது உனக்குத் தெரியும். சம்பந்தி வீடு சிதம்பரம் என்பதால் கடையும் சிதம்பரம் என்று முடிவாயிற்று. சம்பந்தியம்மா தில்லையம்மாள் போன் செய்து, "எமகண்டத்துக்கு முன்னாடி பொடவைய கையில எடுத்துடணும், அரக்கு கலர்லதான் எடுக்கணும், எங்க வீட்டுக்கு வந்த மருமவளுங்க எல்லாம் அரக்குதான்" என்று சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் பன்னிரண்டு மணிக்கு. ஒன்பதுக்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று வேன் பிடித்தேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் உன் அக்காவுக்குத் தலைசுற்றல் வந்து வேன் ஒருமுறை நின்றது. எலுமிச்சம்பழம் வாங்க ஒருமுறை நின்றது. புதுச்சத்திரத்துக்கு முன்னால் ஒரு மாடு குறுக்கே வர, டிரைவர் பிரேக் போட, உன் அக்கா வழியில் சாப்பிட என்று மடியில் வைத்திருந்த புளிசாதம் டப்பாவோடு பறந்து வந்து என் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்தது. அதைத் துடைத்து முடிப்பதற்குள் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இல்லை. டிரைவர் ஜாக்கி கேட்டு ஊருக்குள் போனவர் காபியும் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது அவர் மீசையைப் பார்த்ததும் தெரிந்தது. தில்லையம்மாள் விடாமல் போன் செய்துகொண்டே இருந்தார். எப்போதும் ஒரே கேள்விதான்: "எங்க இருக்கீங்க?" உன் அக்காவும் ஒரே பதில்தான்: "இதோ வந்துட்டோம் சம்பந்தி." அப்படி வந்துகொண்டே இருந்து, நாங்கள் தெற்கு வீதியில் இறங்கியபோது மணி பதினொன்றரை.

கடைக்குள் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். சட்டையில் இருந்த புளிசாதக் கறை தெரியாமல் இருக்க நான் ஒரு மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். சம்பந்தி பழனிவேல், அவரை உனக்குத் தெரியாது, நல்ல மனுஷர், வாயைத் திறந்து பேசி நான் பார்த்ததில்லை. அவர் கடையின் மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை செந்தமிழ்செல்வன் பாலிடெக்னிக்கில் கணக்கு வாத்தியார் என்பது உனக்குத் தெரியும். அவர் அம்மாவுக்கு அந்தப் பக்கம், வினோதினிக்கு எதிரே. விற்பனைக்காரர் புடவைகளை எடுத்து எடுத்துப் போடுகிறார், நடுவில் மலை மாதிரி குவிகிறது, நம் வினோதினி ஒவ்வொன்றையும் மாப்பிள்ளையிடம் காட்டி, "இது உங்களுக்குப் புடிச்சிருக்கா?" என்று கேட்கிறாள். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் தில்லையம்மாள், "அவனுக்கு எல்லாமே புடிக்கும்மா, நீ எடு" என்கிறார். இப்படியே நடக்கிறது. கடைசியில் வினோதினி, "நான் அவுங்களத்தான் கேட்டேன் அத்தை" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த மரியாதை எனக்குத் தெரியும், பி.பார்ம். படிக்க நான் பணம் கட்ட யோசித்தபோது என்னிடமும் அதே மரியாதையோடுதான் பேசினாள். நான் மஞ்சப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

மணி பன்னிரண்டை நெருங்க, தில்லையம்மாள் கடை முதலாளியிடம் இன்னும் நல்ல அரக்கு உள்ளே இருக்கிறதா என்று கேட்க எழுந்து போனார். அந்த நேரம் பார்த்து வினோதினி மாப்பிள்ளையிடம், "சரி, அந்த அரக்கையே எடுங்க, ஒருதரம் தோள்ல வச்சுப் பாக்குறேன்" என்றாள். மாப்பிள்ளை குவியலை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி வேர்த்துக்கொண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "பச்சை" என்று உன் அக்கா என் காதைக் கடித்தாள். வினோதினி, "அரக்கு கேட்டேன்" என்றாள். மறுபடி ஒன்றை எடுத்தார். அதுவும் பச்சைதானாம், இன்னும் கொஞ்சம் அடர்த்தி. விற்பனைக்காரர் சிரித்துவிட்டார். வினோதினி எழுந்தாள். "அப்பா, வாங்க போலாம்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தாள். கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. உனக்குப் போன் வர வழி செய்த அந்தப் புண்ணியவான் அந்த நேரத்தில்தான் எழுந்து போயிருக்க வேண்டும். உன் அக்கா புடவைக் குவியலின் மேலேயே முகத்தை வைத்து அழ ஆரம்பிக்க, விற்பனைக்காரர், "பட்டு ஈரமாவுதுங்கம்மா" என்று சொல்லி ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார். சம்பந்தி மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான் மஞ்சப்பையோடு பின்னாலேயே ஓடினேன். வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "என்னம்மா இது" என்றேன். "அப்பா, பொண்ணு பாக்க வந்தன்னிக்கும் இப்படித்தான். 'நல்ல காவி கலரு சுடிதாரு'ன்னாரு. நான் போட்டிருந்தது பச்ச. போனா போவுதுன்னு விட்டேன். இன்னிக்கும் அதே மாதிரி பண்றாரு. ஒண்ணு என்னக் கேலி பண்றாரு, இல்ல இந்தக் கல்யாணத்துல அவருக்கு இஷ்டமே இல்ல. இஷ்டமில்லாத ஆளுக்கு நான் கழுத்த நீட்ட மாட்டேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மச்சான், என் நிலைமையை யோசித்துப் பார். ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. மண்டபம், சமையல், மேளம், எல்லோரிடமும் சொல்லியாயிற்று. ஒரு அப்பனாக நான் அவளுக்கு எடுத்துச் சொல்லி உள்ளே கூட்டிப் போயிருக்க வேண்டும். அதற்காகத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "ஒனக்கு வேணாம்னா வேணாம்மா. மண்டபத்துக்காரருகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்போதுதான் அழுதாள்.

அந்த நேரத்தில் மாப்பிள்ளை ஓடி வந்தார். செருப்பைக் கடை வாசலில் விட்டதை மறந்து வெறுங்காலோடு வந்துவிட்டார். உச்சி வெயிலில் தார் ரோடு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலை வைத்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, "மாமா, ஒரு நிமிசம். வினோதினி, நான் கேலி பண்ணல. எனக்குச் செவப்பும் பச்சயும் வித்தியாசம் தெரியாதுங்க. பொறந்ததுலேருந்தே அப்படித்தான். ரயில்வே வேலைக்குப் போனேன், மெடிக்கல்ல வேணாம்னுட்டாங்க. பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லிடலாம்னு இருந்தேன். சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க" என்றார். சொல்லச் சொல்லக் கால் மாற்றிக் கால் மாற்றித் தூக்கினார். தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு நடனம் பயிலுகிறார் என்றுதான் தோன்றியிருக்கும்.

எனக்கு வந்ததே கோபம். ஒரு குறை இருக்கிறது என்றால் முன்னாலேயே சொல்ல வேண்டாமா. கண் சம்பந்தப்பட்ட விஷயத்தை மறைத்துப் பெண் கேட்பது என்ன நியாயம். நான் அவரிடம், "தம்பி, எதுவா இருந்தாலும் மறைக்கிறது பெரிய தப்புங்க" என்று கண்டிப்பாகவே சொல்லிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் வினோதினி என்னைப் பார்க்கவே இல்லை. "மொதல்ல அந்த நிழலுக்கு வாங்க, காலு வெந்துடப் போவுது" என்று அவரை வேன் நிழலுக்கு இழுத்தாள்.

"அந்த ஆட்டோ என்ன கலரு?"

"மஞ்சள்."

"நான் போட்டிருக்கிறது?"

"அது நீங்களே சொல்லிடுங்க."

"வண்டி ஓட்டுறீங்களே, சிக்னல்ல என்ன பண்ணுவீங்க?"

"மேல எரிஞ்சா நிப்பேன், கீழ எரிஞ்சா போவேன். இதுவரைக்கும் ஃபைன் கட்டுனது இல்ல."

வினோதினி சிரித்தாள் மச்சான். கண்ணில் தண்ணீர் காயாமலேயே சிரித்தாள். "இவ்ளோதானா. நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்" என்றாள். பிறகு, "எந்தக் கலருதான் உங்களுக்கு நல்லாத் தெரியும்?" என்று கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை. "நீலம். கூட மஞ்சளும் இருந்தா இன்னும் நல்லாத் தெரியும்" என்றார்.

நாங்கள் உள்ளே திரும்பியபோது எமகண்டம் ஆரம்பித்துவிட்டிருந்தது. தில்லையம்மாள் கடைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். மகன் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. காலையில் இருந்து எங்களை விரட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா சட்டென்று சுருங்கிப் போனார். "எம்புள்ள நல்ல புள்ளம்மா. அந்த ஒண்ணத் தவிர அவங்கிட்ட ஒரு கொற கெடையாது. முன்ன ஒரு எடத்துல சொன்னோம், தட்டத் திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தப் பயம்தாம்மா" என்று வினோதினி கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளுக்குள் நான் தயார் செய்து வைத்திருந்த நாலு வார்த்தையை அப்படியே முழுங்கிவிட்டேன். உன் அக்கா எழுந்து வந்து அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

வினோதினி பாயில் உட்கார்ந்து, "அண்ணே, நீலத்துல காட்டுங்க, மஞ்சள் பார்டரு" என்றாள். தில்லையம்மாளுக்கு மூச்சு நின்றுவிட்டது. "முகூர்த்தத்துக்கு நீலமா? எங்க பக்கம் யாரும் கட்டுனது இல்லியேம்மா" என்றார். வினோதினி, "ஊருல எல்லாரும் ஒருதரம் பாத்துட்டுச் சாப்புடப் போயிடுவாங்க அத்தை. அவுங்க ஒருத்தருதான் பக்கத்துலயே ஒக்காந்து பாக்கப் போறாங்க. அவுங்களுக்குத் தெரியறதக் கட்டிக்கிறேனே" என்றாள். விற்பனைக்காரர் ஒரு புடவையை விரித்தார். மயில் கழுத்து நீலம், மாம்பழ மஞ்சளில் அகலமாகக் கரை. மாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் புடவையை விட்டுவிட்டு வினோதினியைப் பார்த்தார். அப்போது ஒரு குரல், "நல்லாருக்கு. பில்லப் போடுங்க" என்றது. யார் என்று பார்த்தால் சம்பந்தி பழனிவேல். மின்விசிறியை விட்டுக் கண்ணை இறக்கியிருந்தார். அவர் குரல் இவ்வளவு கணீரென்று இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

அப்புறம் எல்லோரும் ஓட்டலுக்குப் போய்ச் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். நெஞ்சில் இருந்த கல் இறங்கிய இடத்தில் இரண்டு தட்டுச் சாதம் இறங்கியது. தில்லையம்மாள் உன் அக்காவுக்கு ஊட்டாத குறை. திரும்பி வரும்போது தலைசுற்றலும் இல்லை, பஞ்சரும் இல்லை. டிரைவர்கூட ஒழுங்காக ஓட்டினார். வினோதினி வழியெல்லாம் போனில் மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டே வந்தாள். நான் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆகவே நீ மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் லீவு சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்து சேர். தாய்மாமன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள், வெளியில் போனால் தலையில் துண்டு போட்டுக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. பாடலீஸ்வரர் துணை இருப்பார். ரூமில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
மாமா ராஜவேல்.

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது வினோதினி வந்து போனில் ஒரு படம் காட்டினாள். மாப்பிள்ளை அனுப்பினாராம். வட்டத்துக்குள் கலர் கலராகப் புள்ளிகள். அதற்குள் ஒரு எண் ஒளிந்திருக்கிறதாம், சிவப்பு பச்சை பிரித்துத் தெரிபவர்களுக்கு மட்டும்தான் கண்ணில் படுமாம். உன் அக்கா கண்ணாடிகூடப் போடாமல் "எழுபத்து நாலு" என்றாள். கீரை விற்க வந்த அம்மாவும் எழுபத்து நாலு என்றார். நானும், "ஆமா, எழுபத்து நாலு, பளிச்சுன்னு தெரியுதே" என்றேன். எனக்கு வெறும் புள்ளிதான் தெரிகிறது மச்சான். போனைத் திருப்பிப் பார்த்தேன், வெயிலில் வைத்துப் பார்த்தேன், புள்ளிதான். மாப்பிள்ளையைக் கண்டித்ததாக மேலே எழுதியதையெல்லாம் நீ படிக்காததாக நினைத்துக்கொள். அந்தப் படத்தைக் கடையில் கொடுத்து பிரிண்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நன்றாகப் பார்த்துவிட்டு, அதில் எண் எதுவும் இல்லை என்று எனக்கு உடனே ஒரு மெசேஜ் போடு. உனக்கும் எழுபத்து நாலு தெரிந்தால் மெசேஜ் போட வேண்டாம்.