மூலை மெத்தையும் மச்சானின் ஸ்பீக்கரும்

மரியாதைக்குரிய மைத்துனர் வர்சிதோ அவர்களுக்கு,

கெமிரென் கிராமத்திலிருந்து ஜோஹாடி வணக்கத்துடன் எழுதுவது. இறைவன் கருணையால் நானும் உங்கள் தங்கை மிஸ்னாவும் நலம். சுரபாயாவில் உங்கள் முழங்கால் வலி குறைந்து, நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் பழைய ஸ்பீக்கர் இரண்டையும் எனக்குக் கொடுத்தபோது, "நான் வந்து கேக்கும்போது சத்தம் சரியா இல்லைன்னா திரும்பத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிரொலி அடங்க நீங்கள் சுவரில் மாட்டச் சொன்ன பஞ்சுப் பலகைகளுக்கு விலை கேட்டேன், அந்தப் பணத்துக்கு ஒரு மாடு வாங்கிக் கட்டலாம், ஆகவே முட்டைக் கடையில் கெஞ்சி அட்டைகளை வாங்கிப் பாட்டு கேட்கும் அறைச் சுவர் முழுக்க ஒட்டினேன். மறுநாளே பக்கத்து வீட்டுக் கோழி உள்ளே வந்து அடைகாக்க இடம் பார்த்தது. சத்தமோ அப்படியேதான் இருந்தது. பாட்டுக்கு நடுவே சேகண்டியை ஒருமுறை அடித்தால் அது அறை முழுக்க உருண்டு, அடுத்த பாட்டு வந்த பிறகும் கிளம்பாமல் நின்றது.

மச்சான், உங்கள் தங்கையின் காது எப்பேர்ப்பட்டது என்று உங்களுக்கே தெரியாது. என்னைப் பாட்டைப் போடச் சொல்லிவிட்டு அறையைச் சுற்றி நடந்தாள், மூலையில் குனிந்து நின்றாள். "இங்கதாங்க உறுமுது. செவுத்துல அட்டை ஒட்டி என்ன பண்ண? மூலைய அடைங்க" என்றாள். வீட்டிலிருந்த இலவம்பஞ்சு மெத்தை இரண்டையும் சுருட்டி மூலைக்கொன்றாக நிறுத்தினாள். சேகண்டி அடித்தது, முடிந்தது, மரியாதையாகப் போய்விட்டது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

நீங்கள் வருவதாகச் சொன்ன நாள் பார்த்து வருஷா வருஷம் ஊரே சேர்ந்து மெத்தை காயப்போடும் நாளும் வந்து சேர்ந்தது. எல்லார் வீட்டு வாசலிலும் கறுப்பும் சிவப்புமாக மெத்தை வெயிலில் கிடக்க, நான் மட்டும் மூலைக்குக் காவல் நின்றேன். "உன் அண்ணன் வந்து கேட்டுட்டுப் போகட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்றேன்.

"ஊரே மெத்தை போட்டிருக்கு, நம்ம வாசல் மட்டும் மொட்டையா கிடக்கணுமா?" என்று இரண்டையும் வெளியே இழுத்தாள். நான் புலம்பிக்கொண்டே பின்னால் போனேன். அவள் தெருவை மேலும் கீழும் பார்த்தாள். "மெத்தையெல்லாம் தெருவுல இருக்கு. ஸ்பீக்கருக்கு மட்டும் வீட்டுக்குள்ள என்ன வேலை? தூக்குங்க."

தூக்கினோம். தெருவின் இரண்டு பக்கமும் மெத்தை, நடுவில் பாட்டு. மச்சான், அப்படி ஒரு சுத்தமான சத்தத்தை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. பிரம்பால் மெத்தை அடித்துக்கொண்டிருந்த பெண்கள் மத்தளத்துக்குச் சரியாக அடிக்கத் தொடங்கினார்கள். உங்களுக்குத்தான் அன்று பஸ் கிடைக்காமல் வர முடியவில்லை. மெத்தைகள் திரும்ப மூலைக்குப் போகின்றன, எப்போது வேண்டுமானாலும் வந்து கேளுங்கள். ஸ்பீக்கர் இனி எனக்குத்தான் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டுப் போவீர்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. உங்கள் முழங்காலுக்குத் தனியாக ஒரு பிரார்த்தனை.

என்றும் அன்புள்ள,
ஜோஹாடி

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். மெத்தையைத் தூக்கிக்கொண்டு பாட்டறைக்குப் போன என்னைப் பக்கத்து வீட்டு ருக்கானா நிறுத்தினாள். "இவ்வளவு நல்ல மெத்தைய வச்சுக்கிட்டு மிஸ்னா ஏன் வெறும் பலகையில படுத்து முதுகு வலிக்குதுங்கறா?" என்று கேட்டாள். நான் தினமும் பாட்டு கேட்டபடி நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறேன், கட்டிலை எட்டிப் பார்த்ததில்லை. மிஸ்னாவைக் கேட்டேன். "பாட்டு நல்லா இருந்துச்சுல்ல, விடுங்க" என்றாள். மெத்தையைக் கட்டிலில் விரித்துவிட்டேன். சேகண்டி மறுபடி உறுமுகிறது. ஸ்பீக்கரை எடுத்துப்போக வாருங்கள். வாசலில் நின்று கத்திக் கூப்பிட வேண்டாம், அவள் தூங்குகிறாள்.