காற்றுப் போக ஓர் ஓட்டை

"கப்போர்டுக்குக் கீழ இருக்க டியூப் லைட்டு எரியல. நீங்கதான் பாக்கணும்" என்றாள் சண்முகத்தாய்.

பால்ச்சாமி குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்தார். மகளைக் கட்டிக்கொடுத்த மடவார் வளாகத்திலிருந்து சம்பந்தி தங்கப்பாண்டியன் குடும்பத்தோடு விருந்துக்கு வரும் நாள் அது. பக்கத்து வீட்டுக்காரன் மாடி எழுப்பியதிலிருந்து அந்த அடுப்படியில் பட்டப்பகலிலும் விளக்கில்லாமல் கை தெரியாது.

"பாண்டியைக் கூப்பிடு. எலெக்ட்ரீசியன்னு ஒருத்தன் தெருவுல எதுக்கு இருக்கான்?"

"பட்டாளத்துல காலமெல்லாம் கரண்டு வேலை பாத்த மனுசனை வீட்டுல வச்சுக்கிட்டு, ஒரு டியூப்பு மாட்ட ஆளைக் கூப்பிட்டா தெரு சிரிக்காது?"

பட்டாளத்தில் பால்ச்சாமி பார்த்தது கரண்டு வேலை இல்லை. சமையல். ஒரு கம்பெனி ஜவான்களுக்குப் பருப்புக் கடைந்த கை அது. பெண் கேட்டுப் போன வீட்டில் மாமனார், "சட்டி தூக்குற பயலுக்கு எம்மகளைக் குடுக்க மாட்டேன்" என்று வேறு யாரையோ பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பால்ச்சாமி நின்ற நிலையிலேயே எலெக்ட்ரீசியன் ஆகிவிட்டார். சந்தேகம் வரக்கூடாதென்று அன்றிலிருந்து வெந்நீர்கூட வைத்ததில்லை. கூடச் சமைத்த சோலைச்சாமிக்கு வத்திராயிருப்புதான் ஊர். அந்தப் பயத்திலேயே போன வாரம் அங்கே நடந்த கல்யாணத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லி மனைவியை மட்டும் அனுப்பினார். சம்பந்தியோ ஓய்வுபெற்ற ஏட்டையா. அடுத்தவன் பொய்யைத் தோண்டியே மீசை நரைத்தவர். அவரிடமும் காஷ்மீர்ப் பனியில் கம்பி இழுத்த கதையைச் சொல்லியாகிவிட்டது. வெளியே தெரிந்தால் மகள் வாழப்போன ஊரில் தலைகாட்ட முடியாது.

கப்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்தார். டியூபைத் தட்டினார். திருகினார். அது மாட்டியிருந்த பட்டியின் ஓரத்தில் காசு அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை இருந்தது.

"அது என்ன ஓட்டைங்க?"

"காத்துப் போக வச்சிருக்கான். இல்லைன்னா சூட்டுல வெடிச்சிரும்."

"வேலை தெரிஞ்ச ஆளுன்னா அது தனிதான்" என்று சண்முகத்தாய் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

டியூப் செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, கடைக்கு வண்டியை விட்டார்.

"எத்தனை அடி அண்ணாச்சி?" என்றான் கடைக்காரன்.

"நல்லா வெளிச்சமா ஒண்ணு குடு."

வீட்டுக்கு வந்தது நாலடி டியூப். கப்போர்டுக்குக் கீழே அதைத் திருப்பியபோது மறுமுனை இடித்து, அலமாரியிலிருந்த பொடி டப்பாக்கள் அத்தனையும் உருண்டன. எல்லாம் ஒரே அச்சு எவர்சில்வர்.

திரும்பவும் போய் ரெண்டடி வாங்கி வந்தார். அது கச்சிதமாக உட்கார்ந்தது. எரியவில்லை.

"லைனுல கரண்டு வரல."

"மிக்ஸி ஓடுதே?"

"மிக்ஸி கரண்டு வேற, லைட்டு கரண்டு வேற. ஒனக்குச் சொன்னாப் புரியாது."

மெயினை அணைத்துவிட்டு ஃபியூஸ் கட்டையை உருவினார். வேர்த்த கையிலிருந்து வழுக்கி, தரையில் விழுந்து ரெண்டாகிவிட்டது. இனி மெயினைப் போட்டும் பயனில்லை. ஃபேன் நின்றது நின்றதுதான். தேங்காய் பாதி அரைபட்ட நிலையில் மிக்ஸியும் அப்படியே நின்றது.

"வெளங்கிரும்" என்றாள் சண்முகத்தாய். "எது மல்லி, எது மொளகான்னே தெரியல. அவிய பஸ் ஏறிட்டாவளாம். வாரம் பூரா பேண்டேஜ் கம்பெனில நின்ன காலு, இனிமே என்னால ஏலாது. ஓட்டல்ல சொல்லிருவோமா?"

அப்போதுதான் அடுப்பிலிருந்த கறி அடிப்பிடிக்கும் வாசம் வந்தது. பால்ச்சாமியின் மூக்கு அவரைக் கேட்காமலே வேலையைத் தொடங்கியது.

"தள்ளு ஏட்டி! தீயைக் கொறை. அந்த டப்பாவைக் குடு. இது மல்லி. இது சீரகம். இது மொளகா, காரம் செத்துப்போச்சு, ஒரு கரண்டி கூடப் போடணும்."

"இருட்டுல எப்படிங்க?"

"எங்க கரண்டு டென்ட்டுக்கு அடுத்தாப்புல சமையல் டென்ட்டு. காத்து எங்க பக்கம்தான் அடிக்கும்."

"காத்துலயே இம்புட்டுப் படிச்சியளா!"

பாதி அரைபட்ட தேங்காயைத் துணியில் கட்டிப் பாலாகப் பிழிந்தார். குழம்பைக் கூட்டினார், ரசத்தை இறக்கினார், சோற்றை வடித்தார். சண்முகத்தாய் வாசல்படியில் கால் நீட்டி உட்கார்ந்து பூக் கட்டினாள். சம்பந்தி தெருவில் திரும்பியபோது பால்ச்சாமி கையைக் கழுவி, மீசையை முறுக்கி, டெஸ்டரும் கையுமாக மெயின் போர்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

தங்கப்பாண்டியன் வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டார். மூன்றாம் தடவையாகச் சோறு வாங்கினார்.

"தங்கச்சி, இப்படி ஒரு கறிக்கொழம்பை நான் எந்தப் பந்தியிலயும் தின்னதில்ல."

"ஏதோ என் கைக்கு வந்தது அண்ணே" என்று தலைகுனிந்தாள் சண்முகத்தாய்.

தன் குழம்புக்கு வந்த புகழைக் கேட்டுக்கொண்டே பால்ச்சாமி டெஸ்டரைத் துடைத்தார்.

"சம்பந்தி, காஷ்மீருக்கே வெளிச்சம் குடுத்த ஆளு, இந்த ஃபேனைச் சுத்த விடக் கூடாதா?"

"ஸ்பேர் வரணும்" என்றார் பால்ச்சாமி.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரீசியன் பாண்டி உள்ளே வந்தான். உடைந்த கட்டையைப் பார்த்துச் சிரித்தான். பையிலிருந்து வேறொன்றை எடுத்துச் சொருகினான். ஃபேன் சுற்றியது. நேரே அடுப்படிக்குப் போனவன், சட்டைப்பையிலிருந்து சின்ன வெள்ளை டப்பி மாதிரி ஒன்றை எடுத்து, காற்றுப் போகும் ஓட்டைக்குள் வைத்துத் திருகினான். டியூப் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பளிச்சென்று எரிந்தது.

"ஏலே, ஒன்னை யாருலே கூப்பிட்டா? அது என்னது?" என்று பதறினார் பால்ச்சாமி.

பாண்டி பந்தி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னான்: "ஸ்டார்ட்டரு அண்ணாச்சி. மதினி காலைலயே கழட்டி எங்கிட்ட குடுத்துட்டா, 'உங்க அண்ணன் வச்ச கொழம்பு வாசம் தெருமுக்குக்கு வந்த பொறவு கொண்டாந்து மாட்டு'ன்னு."