வெள்ளைத் துண்டு வீசிய மாப்பிள்ளை

எங்கள் வீட்டில் வெள்ளைத் துண்டு கிடையாது. திருச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிக் குளித்தவர்களுக்கு இது தெரியும். ஊதா, காவி, கிளிப்பச்சை, சிவப்புக் கட்டம் என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும். வெள்ளை மட்டும் கிடைக்காது. கறை பட்டால் பளிச்சென்று தெரியும் என்று என் மனைவி மலர்விழி காரணம் சொல்வாள். அது பொய். காரணம் நான்தான்.

நான் எதையும் எழுதி வைத்துக்கொண்டு செய்கிறவன். (ஊருக்குக் கிளம்பும் முன் கேஸை மூடியாயிற்றா என்று பார்ப்பவர்கள் உண்டு. நான் பார்த்துவிட்டு, பார்த்தேன் என்று டைரியில் எழுதிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன்.) இப்படிப்பட்டவர்களிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் பிசகாது என்று உலகத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கும் இருந்தது, ஒரு வைகாசி மாத ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும்.

மலரின் ஊர் குன்றாண்டார்கோவிலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற சிற்றூர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே இன்னும் கொஞ்ச நாள் சிரிப்பார்கள். கிழக்கே பெரிய கண்மாய், மேற்கே ஒரு சின்னக் குளம். இரண்டுக்கும் நடுவில் மொட்டைப் பாறைகளாய் இரண்டு குன்றுகள். ஊர்க்காரர்கள் அவற்றை மலை என்பார்கள், நானும் மாப்பிள்ளையான நாள் முதல் மலை என்றே சொல்லி வருகிறேன். மலைமேல் கோடையிலும் வற்றாத ஒரு சுனை. ஆடுகள் போய்ப் போய்த் தேய்ந்த ஒற்றையடிப் பாதை ஒன்று குளக்கரையில் தொடங்கி, பாறைமேல் ஏறி, சுனையைத் தொட்டு, கண்மாய்க் கரை வழியாக மறுபடியும் ஊருக்கே வந்து சேரும்.

எங்கள் குடியிருப்பில் காலை நடைக்குழு ஒன்று உண்டு. தினமும் ஒரே பூங்காவைச் செக்குமாடு மாதிரி சுற்றுகிறவர்கள், என்னைச் சேர்க்காமல் பன்னிரண்டு பேர். செயலாளர் நான். (யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு யாரும் வருகைப் பதிவு எடுக்கவில்லை.) மனைவி ஊர்ப் பாதையில் இவர்களை நடக்க வைத்துப் பெயர் வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வேன் பேசினேன், எல்லோருக்கும் வெள்ளைத் தொப்பி வாங்கினேன், நாளும் குறித்தேன்.

மறுநாள் மலரின் அண்ணன் செல்வராசு மச்சான் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"மாப்ள, அன்னைக்குத்தான் நம்ம கம்மாய் அழியுது. தங்கச்சிய கூட்டிக்கிட்டு வந்துருங்க. இந்தத் தடவ நம்ம வீட்டு மொறை!"

கண்மாய் அழிவது என்றால் பயப்பட வேண்டாம். கோடையில் தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றியதும் சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் கூடி மீன் பிடிப்பதற்குத்தான் அந்தப் பெயர். விடியும் முன்பே கரை நிறைந்துவிடும். ஆளாளுக்குக் கையில் ஊத்தா என்கிற அடியில்லாத மூங்கில் கூடை. அதைச் சேற்றில் அழுத்தி, மேலே கையை விட்டு, அகப்பட்ட மீனைப் பிடிப்பார்கள். ஆனால் நேரம் வரும்வரை ஒருவர் கால்விரல்கூடத் தண்ணீரில் படாது. மடைக்கருப்பருக்குத் தேங்காய் உடைத்த பிறகு, முறைக்காரர் மடைக்கல்லின் மேல் ஏறி நின்று ஒரு வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல் வீசுவார். அதற்காகத்தான் அத்தனை ஊரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அந்த முறை ஏழு வீட்டுக்குச் சுற்றி வருவது. மழை பொய்த்த வருஷங்களில் கண்மாயே அழியாது. ஆகவே ஒரு வீட்டுக்கு வருவதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். மச்சானின் அப்பா வீசியபோது மச்சான் அவர் காலடியில் கால்சட்டையோடு நின்றிருக்கிறார். அப்பா இப்போது இல்லை. இந்தத் தடவை மச்சான் வீச வேண்டும். கீரனூர் போய் அதற்கென்றே புதுத் துண்டு எடுத்து, கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்தார். (இந்தக் கடைசி விவரம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

"நடையை அடுத்த வாரம் வச்சுக்கங்களேன்" என்றாள் மலர்.

"வேன் பேசியாச்சு."

"ஊரே கண்மாய்ல நிக்கும்ங்க. அதுல போயி தொப்பி போட்டுக்கிட்டு ஒங்க ஆளுங்க வேற."

"அவங்க வீசறது ஒன்பது மணிக்கு. நாங்க எட்டு மணிக்கே கரையத் தாண்டிருவோம். நடுவுல ஒரு மணி நேரம் இருக்கு. அதுல என்ன ஆயிடப் போகுது?"

என் திட்டத்தில் வெயில் இருந்தது, குடிநீர் இருந்தது, நாய்கூட இருந்தது. பறவைகளும் இருந்தன. சின்னக் குளத்து நாரைகள் மிரளக் கூடாது என்பதற்காக விதிகள் செய்திருந்தேன்: யாரும் கத்தக் கூடாது, கைப்பேசியை ஊமையாக்கி வைக்க வேண்டும், ஆள் சிதறினால் நான் ஒரு துண்டை உயர்த்தி வீசுவேன், அதைப் பார்த்ததும் எல்லோரும் என்னிடம் வந்துவிட வேண்டும். படித்தபோது எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை இரவே நாங்கள் இருவரும் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டோம். குழு விடியலில் வேனில் வந்து இறங்கியது. கிளம்பும்போது என் துண்டைப் பார்த்தேன். நீலக் கட்டம். தூரத்திலிருந்து பார்த்தால் பாறையோடு பாறையாகத் தெரியும். சமிக்ஞை என்றால் தெளிவாக இருக்க வேண்டாமா? கூடத்து நாற்காலியில் மொடமொடப்பாக ஒரு வெள்ளைத் துண்டு மடித்து இருந்தது. மச்சான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். மலர் அடுப்படியில் அவள் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். ஒரு துண்டுக்கு மாப்பிள்ளை அனுமதி கேட்டால் அவர்கள்தான் சங்கடப்படுவார்கள் என்று நினைத்தேன். எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

எட்டு மணிக்குக் கண்மாய்க் கரையில் இருந்திருப்போம், ரங்கராஜன் சார் மட்டும் இல்லாவிட்டால். அவர் ஓய்வு பெற்ற பொறியாளர். ஒரு கல்லைப் பார்த்தால் பக்கத்தில் பேனாவை வைத்துப் படம் எடுக்காமல் நகர மாட்டார். அந்த மலையில் கல்லைத் தவிர வேறு என்ன இருக்கிறது? சுனையருகே அவரைக் கிளப்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

கண்மாய்க் கரைக்கு வந்தபோது திகைத்துப்போனேன். இந்தக் கரை, எதிர்க்கரை, கரையோரக் கருவேல மரத்தடி, எங்கும் தலைகள். லுங்கியை மடித்துக் கட்டியவர்கள், சேலையை இழுத்துச் செருகியவர்கள், எல்லோர் இடுப்பிலும் ஊத்தா. பேச்சே இல்லை. திரும்பிவிடலாம் என்றார் குழுவில் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தாமதமானால் வேகமாக நடக்க வேண்டுமே தவிரத் திட்டத்தை மாற்றக் கூடாது என்று அவருக்குச் சொன்னேன். சொல்லிக்கொண்டே தொப்பிகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது.

ரங்கராஜன் சார் தூரத்தில் தண்ணீர் ஓரமாகக் குனிந்து எதையோ படம் எடுத்துக்கொண்டிருந்தார். போன் செய்தேன். ஊமை. (என் விதி.) கத்தலாமா? கூடாது. (அதுவும் என் விதி.) உயரமான இடமாகப் பார்த்தேன். கரையிலேயே உயரமானது கருப்பர் பக்கத்தில் இருந்த மடைக்கல்தான். சாமி இருக்கிற இடமாயிற்றே என்று ஷூவை மரியாதையாகக் கழற்றி வைத்துவிட்டு, கல்லின் மேல் ஏறி நின்று, துண்டை உதறி விரித்து, தலைக்கு மேல் நன்றாக மூன்று சுற்றுச் சுற்றினேன்.

முதலில் ஒரு ஓசை. மழை பாறைமேல் ஓடி வருவது போல. அப்புறம் இரண்டு கரையும் ஒரே நேரத்தில் சரிந்து கண்மாய்க்குள் விழுந்தன. ஆயிரம் கால்கள் சேற்றைக் கலக்கின. குலவைச் சத்தம் வேறு. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் தோன்றியது, 'சமிக்ஞை இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே' என்பதுதான்.

அடுத்த நொடி விஷயம் புரிந்தது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன். கையையும் ஆட்டினேன். கையில் துண்டு இருந்தது. இன்னும் நின்றுகொண்டிருந்த பாக்கிப் பேரும் குதித்தார்கள்.

ஊர்த் தலைவரான அம்பலம் உடைக்காத தேங்காயோடு என் முன்னால் வந்து நின்றார். "யாருப்பா நீ?" என்றார். பிறகு தொப்பிக்குக் கீழே முகத்தைப் பார்த்து, "அட, செல்வராசு வீட்டு மாப்ளயா!" என்றார். அந்த 'அட'வை நான் இன்னும் மறக்கவில்லை.

மச்சான் அப்போது வீட்டில் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். பீரோ, கொடி, அரிசிப் பானை வரைக்கும் தேடியிருக்கிறார்கள். கடைசியில் எதிர்வீட்டில் ஒரு பழைய துண்டைக் கடன் வாங்கிக்கொண்டு, சட்டையில்லாமல் வண்டியில் பறந்து வந்தார். கரையில் வண்டியை நிறுத்தினார். கண்மாயைப் பார்த்தார். கல்லின் மேல் நின்ற என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"அது என் துண்டு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பஞ்சாயத்து அங்கேயே நடந்தது. எல்லோரையும் கரையேற்றிவிட்டு மறுபடி வீசலாமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். முழங்காலளவுச் சேற்றில் விராலைத் துரத்துகிறவர்களைக் கரையேற்றுவதா? அம்பலம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"வீசுனது யாரு வீட்டுத் துண்டு?" என்று கேட்டார்.

"நம்ம வீட்டுத் துண்டுதான்" என்றார் மச்சான்.

"வீசுன ஆளு?"

"நம்ம... மாப்ள."

"அப்பறம் என்னய்யா? ஒன் வீட்டு மொறை முடிஞ்சுபோச்சு."

"நான் வீசலையே பெரியப்பா!"

"அடுத்த சுத்துல வீசு. ஆயுசு கெடக்கு."

கருப்பருக்குத் தேங்காய் பிறகுதான் உடைந்தது. அதற்குள் பாதி மீன் பக்கத்து ஊர்களுக்குப் போய்விட்டது. அன்று எல்லா வீட்டிலும் மீன் குழம்பு கொதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் துண்டைத் தேடிக்கொண்டிருந்ததால் ஒரு கெண்டைக்குஞ்சுகூட இல்லை. ஒரு விராலையாவது பிடித்து மச்சான் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவது என்று முடிவு கட்டிக்கொண்டு, கால்சட்டையை முழங்காலுக்கு ஏற்றி நானும் இறங்கினேன். ஒரு கெளுத்தியை மிதித்தேன். அல்லது அது என்னை மிதித்தது. பாதத்தில் முள் ஏறி, இரண்டு பெண்கள் என்னை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக் கரையில் போட்டார்கள்.

"யாருடி இது?"

"இவுகதான்டி துண்டு வீசுனவுக."

"அதான் கருப்பரு கெளுத்திய அனுப்பியிருக்காரு."

கரையில் கிடந்தபடி பார்த்தேன். என் குழுவில் ஒருவர்கூடப் பாதையில் இல்லை. பன்னிரண்டு பேரும் சேற்றில் இருந்தார்கள். ரங்கராஜன் சார் தொப்பியைக் கழற்றி அதற்குள் முழங்கை நீள விரால் ஒன்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "சார்! புரோகிராம் பிரமாதம் சார்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பறவைகள் எல்லாம் எப்போதோ போய்விட்டன.

அந்த விரால்தான் அன்று மச்சான் வீட்டுக் குழம்பு. மச்சான் சாப்பிட்டார். எனக்கும் பரிமாறச் சொன்னார். ஆனால் கை கழுவியபின் மாப்பிள்ளைக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கிற வழக்கம் அந்த வீட்டில் அன்றோடு நின்றது.

அதன் பிறகு கண்மாய் நிரம்பிய வருஷங்களும் நிரம்பாத வருஷங்களும் போயின. மச்சானுக்கு மீசை நரைத்தது. சென்ற வைகாசியில் மறுபடியும் முறை வந்தது. "நான் வரவில்லை" என்று மலரிடம் சொல்லிவிட்டேன். மச்சானே போன் செய்தார்.

"வாங்க மாப்ள. ஆனா நான் சொல்ற எடத்துல, நான் சொல்ற மாதிரி நிக்கணும்."

அவர் சொன்ன இடம் மடைக்கல்லுக்குக் கீழே, அவர் கண் பார்வையில். சொன்ன மாதிரி என்றால், வலது கையில் தேங்காய்த் தட்டு, இடது கையில் வாழைப்பழத் தட்டு. என்ன நடந்தாலும் இரண்டையும் கீழே வைக்கக் கூடாது. தோளில் ஒன்றும் கிடையாது. மலர் என் சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையையும் எடுத்துவிட்டாள். இந்தத் தடவை கண்ணிமைகூட அசைக்கப் போவதில்லை என்று நானும் உறுதியாக நின்றேன்.

தேங்காய் உடைந்தது. மச்சான் கல்லின் மேல் ஏறினார். புதுத் துண்டை விரித்தார். எத்தனை வருஷத்து வீச்சு! தலைக்கு மேல் காற்றையே அறுப்பது போல வீசினார்.

ஒருவரும் அசையவில்லை.

மச்சான் இன்னொரு முறை வீசினார். எதிர்க்கரையிலிருந்து ஒரு குரல் வந்தது: "திருச்சி மாப்ள வீசலையேப்பா!"

கண்மாய் முழுக்கச் சிரிப்பு. "அவுக வீசுனாத்தான் எறங்குவோம்!" என்றது இன்னொரு குரல். அம்பலம் துண்டால் வாயை மூடிக்கொண்டார். மச்சான் காக்காய் ஓட்டுவது போல வீசிக்கொண்டே இருந்தார், முகம் சிவந்துவிட்டது. நான் இரண்டு தட்டையும் பிடித்துக்கொண்டு கற்சிலையாக நின்றேன். சொன்ன சொல் சொன்ன சொல்தான்.

கடைசியில் மச்சான் கல்லின் மேலிருந்து குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "தலையவாச்சும் ஆட்டித் தொலைங்க மாப்ள!"

ஆட்டினேன்.

அத்தனை ஊரும் குதித்தது.

துண்டுக்குத்தான் இறங்கினார்கள், கொஞ்சம் தாமதமாக இறங்கினார்கள், அவ்வளவுதான் என்பது மச்சானின் கட்சி. அன்று டைரியில் நானும் 'வீசியவர்: செல்வராசு மச்சான்' என்றே எழுதினேன். ஊர் அதை ஏற்கவில்லை. என் குடும்பமும் ஏற்கவில்லை. இப்போதெல்லாம் மச்சான் வீட்டில் பந்தி போட்டு, சோறு விழுந்து, குழம்பும் ஊற்றியாகிவிட்டாலும் ஒருவர்கூட இலையில் கை வைப்பதில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மச்சானும்தான்.