வாழ்த்துப்பாவுக்கு உரியவர்கள்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்பும் மதிப்பும் நிறைந்த பெரியப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மெல்பேர்னில் நீங்களும் பெரியம்மாவும் அப்படியே இருக்க வேண்டும். அக்காவின் கலியாணம் நடந்துவிட்டது. கொட்டாஞ்சேனையில், புகுந்த வீட்டில், சிரித்துக்கொண்டிருக்கிறாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேரலை பாதியில் நின்றது இணையக் கோளாறால் அல்ல. நான்தான் நிறுத்தினேன்.

தாலி ஏறிவிட்டது, வாழ்த்துப்பா வாசிக்கும் நேரம், மாப்பிள்ளையின் தாய்மாமன் பெரியதம்பி கண்ணாடிச் சட்டத்தோடு எழுந்தார், அடியில் 'இயற்றியவர்' என்று பொன்னெழுத்தில் அவர் பெயர், இராகத்தோடு தொடங்கினார், மூன்றாவது வரியில் அப்பாவின் முகம் வெளிறியது, அடுத்து வாசிக்க அப்பா மடியில் வைத்திருந்த சட்டத்திலும் அதே பாட்டு, அதே அன்றில் பறவைகள், அதே பொன்னெழுத்து, பெயர் மட்டும் அப்பாவுடையது, அதில் மாப்பிள்ளையின் பெயர் முன்னால், இதில் அக்காவின் பெயர் முன்னால், அவ்வளவுதான் வித்தியாசம், பேசாமல் இருந்திருக்கலாம், அப்பா இருக்கவில்லை, எழும்பி "இது என்ர பாட்டு" என்றார், அச்சகத்துக்கு ஆள் விட்டுக் களவெடுத்தது நீங்கள்தான் என்றார் மாமன், அப்பா பதிப்புரிமை என்றார், மாமன் அதையே இன்னும் உரத்துச் சொன்னார், மாப்பிள்ளை வீட்டார் செருப்புத் தேடத் தொடங்கினார்கள்.

கை நனைக்காமல் போனால் இரண்டு வீட்டுக்கும் இனிப் போக்குவரத்து இல்லை. அக்கா மாலையோடு என்னைப் பார்த்தாள்.

அப்பா அந்தப் பாட்டைக் கைபேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கியதை நான் பார்த்திருந்தேன். மாமனும் அப்படித்தான் என்று ஊகித்தேன். எங்கள் கீழ்வீட்டு ஸும்றா அக்கா சட்டத்தரணி. முதற்பந்தியிலிருந்து இழுத்து வந்தேன். கையில் பாதி வடை. இருவரையும் கேட்டார்.

"ரெண்டு பேரும் சொந்தமா எழுதினண்டா, ஒருத்தர் கள்ளன். மெஷின் எழுதினண்டா, அது யார்ட பாட்டும் இல்ல, ஒருத்தரும் களவெடுக்கவும் இல்ல. எது வேணும்?"

 

அப்பா அக்காவைப் பார்த்தார்.

"போன்தான் எழுதினது."

"என்ரையும்," என்றார் மாமன். "ஆனா நான் கேட்டபடியாலதான் எழுதினது."

"என்ரையென்ன கேட்காமலே வந்ததே? நானும் கேட்டனான்."

"என்னெண்டு கேட்டனீங்கள்?"

கைபேசிகளை எடுத்து ஒப்பிட்டார்கள். இருவரும் கேட்டதும் ஒன்றுதான்: சம்பந்தி வீட்டைக் குறைக்காமல், எங்கள் பக்கம் மட்டும் கொஞ்சம் உயர்வாக.

மாமன்தான் முதலில் சிரித்தார். செருப்புகள் மறுபடி கழன்றன. அப்பா தன் கையாலேயே அவருக்குப் பாயசம் ஊற்றினார்.

யாருக்கும் சொந்தமில்லாத ஒன்று இவ்வளவு நிம்மதி தரும் என்று நான் நினைத்ததில்லை.

உங்கள் இருவரின் ஆசியும் அக்காவுக்கு. எனக்கு இப்போதைக்கு நித்திரை போதும்.

இப்படிக்கு,
அன்பு மகள்
மயூரி

பி.கு.: நேற்று தெஹிவளையில் வேறொரு கலியாணத்தில் இதே பாட்டை வாசித்தார்களாம். இயற்றியவர், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். இந்த நிமிடம் அப்பாவும் பெரியதம்பி மாமாவும் சேர்ந்து ஸும்றா அக்காவின் கதவைத் தட்டுகிறார்கள். வழக்குப் போட வேண்டுமாம். "எங்கட பாட்டு" என்று கேட்கிறது.