ஏகமனதாக

அன்றும் சுந்தரராமன் அரை வயிற்றோடுதான் இலையை மடித்தான். பம்பாய் மாதுங்காவில் தமிழ்ப் பிரம்மச்சாரிகள் சேர்ந்து நடத்திய அந்த மெஸ்ஸில் இரண்டு கட்சிகள். பாலக்காட்டுக்காரர்களுக்குச் சங்கரன் தலைவன், தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பஞ்சு. மெஸ் தேர்தலில் சங்கரன் ஜெயித்தால் வருஷம் முழுக்கத் தேங்காய் அரைத்த கூட்டான். பஞ்சு ஜெயித்தால் வற்றல் குழம்பு. தோற்ற பாதிப் பேர் அடுத்த தேர்தல் வரை முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

சுந்தரராமன் திருச்சிக்காரன். இரண்டிலும் சேர்த்தியில்லை. யுத்தம் முடிந்து ஊரெல்லாம் தேர்தல் பேச்சாக இருந்த சமயம். ஆபீசுக்குப் போகும் ரயிலில் பத்திரிகை படித்துப் படித்து அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"ரெண்டே கட்சின்னா எப்பவும் பாதிப் பேருக்கு வயித்தெரிச்சல்தான். நாலஞ்சு இருந்தா ஒவ்வொருத்தனுக்கும் பேச ஆள் இருக்கும்" என்றான் பஞ்சுவிடம்.

"முடிவை யாருடா எடுக்கறது?"

"எல்லாருமாப் பேசி எடுப்போம்."

சுந்தரராமன் தலைமையில் மூன்றாவது கட்சி பிறந்தது. அதைப் பார்த்து ரசக் கட்சி, சப்பாத்திக் கட்சி, வெங்காயக் கட்சி. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. காலையில் கூடிப் பேசி அவியல் என்று முடிவானால், சமையற்காரர் காய் நறுக்குவதற்குள் கூட்டு உடைந்தது. ரேஷன் கடைக்கு யார் போவது என்ற விவாதத்தில் ஒரு வாரத்து அரிசியே தவறிப்போய், சோளக் கஞ்சி குடித்தார்கள். சுந்தரராமன் சமரசக் குழு ஒன்று அமைத்தான். அதில் யார் உட்காருவது என்பதில் வெங்காயக் கட்சி, சின்ன வெங்காயம் பெரிய வெங்காயம் என்று பிளந்தது.

முன்பு சண்டை போட்டுக்கொண்டாவது ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள், இப்போது ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். பம்பாயில் அவர்களை விட்டால் சுந்தரராமனுக்கு வேறு மனிதர்கள் கிடையாது. ஒரு நாள் எல்லாரையும் கூட்டி, கட்சியே வேண்டாம், யாராவது ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து அவர் போட்டதைச் சாப்பிடுவோம் என்று கெஞ்சினான்.

சனிக்கிழமை ஓட்டெடுப்பு நடந்தது. அத்தனை ஓட்டும் அவனுக்கே விழுந்தது. சங்கரன் தோளைத் தட்டினான். பஞ்சு கையைக் குலுக்கினான். சுந்தரராமனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் கூட்டானும் வற்றல் குழம்பும் இரண்டுமே செய்யச் சொல்லி, வரிசையாக இலை போட்டுக் காத்திருந்தான். குழம்பு ஆறிப்போயிற்று. தாராவியிலிருந்து பாத்திரம் தேய்க்க வரும் சொர்ணம்மாள் இலைகளை எடுக்க ஆரம்பித்தாள்.

"இரு சொர்ணம்மா, எல்லாரும் வரட்டும்."

"அவிய எங்க சாமி வரப்போறாவ? போன வாரமே சயான்ல வேற மெஸ்ஸுல சேந்தாச்சு. இந்த இடத்தப் பூட்டி வீட்டுக்காரருக்கு வாடகைக்குப் பதில் சொல்ல ஒரு ஆளு வேணும்னுதான உங்களுக்கு ஓட்டுப் போட்டாவ."