தங்கமான வண்டி

"ஏங்க, வாணலி நிரம்பிடுச்சு!" என்று வாசலிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

ஸ்டோர் கீப்பர் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து குனிந்து பார்த்தார். வண்டிக்கு அடியில் வைத்திருந்த வாணலியில் என்ஜின் ஆயில் விளிம்பு வரைக்கும் நின்றது. போன வாரம் வரை ஒரு கிண்ணம் போதுமானதாக இருந்தது.

"மேல வீடு ஒழுகுது, கீழ வண்டி ஒழுகுது. அதுக்கு வாளி வெச்சாச்சு, இதுக்கு வாணலி வெச்சாச்சு. இனி நான் எதுல சமைக்கிறது?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. மொட்டை மாடியைச் சரிசெய்ய வைத்திருந்த பணம்தான் இப்படி வண்டியாக நின்றது. பதினான்கு வருஷம் ஓடிக் களைத்த எஸ்.யூ.வி. ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

கம்பெனிக்கு வரும் சரக்கில் ஒரு திருகாணி துருப்பிடித்திருந்தால்கூடப் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறவர் நம் ஸ்டோர் கீப்பர். அப்பேர்ப்பட்டவர் இந்த வண்டியின் பானெட்டைக்கூடத் திறந்து பார்க்காமல் வாங்கினார். காரணம், விற்றவர் மேனேஜர். மேனேஜரைப் பார்த்து "பானெட்டைத் திறங்க" என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்?

"நேரா போய்ச் சொல்லுங்களேன், வண்டி சரியில்ல, எடுத்துக்கோங்கன்னு."

"சொல்லலாம். ஆனா ஸ்டோர்ஸ் ஆபீசர் பிரமோஷன் லிஸ்ட் அவர் டிராயர்லதான் இருக்காம். ஆபீஸ் முழுக்க அதான் பேச்சு. இப்பப் போய் அவர் வண்டியை ஓட்டை வண்டின்னு சொல்லச் சொல்றியா?"

"ஓட்டை வண்டியை வேற என்னன்னு சொல்றதாம்?"

அன்று காலையே மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"வாங்க, வாங்க. வண்டி எப்படி ஓடுது? ஏதாவது குறை இருந்தா கூச்சப்படாம சொல்லுங்க." கேட்கும்போதே அவர் கை டிராயரைப் பாதி இழுத்தது.

ஸ்டோர் கீப்பரின் கண் டிராயரில் ஒட்டிக்கொண்டது.

"குறையா? தங்கம் சார்! நீங்க எப்படித்தான் விக்க மனசு வந்து வித்தீங்களோ!"

"அப்படியா?" என்றார் மேனேஜர். பிறகு டிராயர் மெல்ல மூடிக்கொண்டது. டீ வைக்க வந்த அட்டெண்டர், காரணமில்லாமல் ஒரு தரம் இருமிவிட்டுப் போனார்.

புகழ்ந்தது பத்தவில்லை, இன்னும் புகழ வேண்டும் என்று ஸ்டோர் கீப்பர் முடிவு செய்தார். அதற்கு முன்னால் ஒழுகலை நிறுத்தியாக வேண்டும். மெக்கானிக் ஆயில் சீலை மாற்றினார். மறுநாள் மூன்று இடத்தில் ஒழுகியது.

"இத்தன நாளா அந்த ஓட்டை வழியா மூச்சு விட்டுட்டிருந்தது சார். அதை அடைச்சிட்டோம். வேற எங்கயாவது விட்டுத்தானே ஆகணும்?" என்றார் மெக்கானிக், வண்டியின் பக்கம் நியாயம் இருப்பது போல.

மூன்றையும் அடைத்ததும் கிளட்ச் போயிற்று. புதுக் கிளட்ச் போட்டதும், அதன் வேகத்தைப் பழைய கியர்பாக்ஸ் தாங்கவில்லை. கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டும்போது ரேடியேட்டர் குழாய் கையோடு வந்துவிட்டது. மனைவி வாணலியோடு அண்டாவையும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் டிராயர் பாதி திறந்தது.

"நிஜமா சொல்லுங்க. டீசல் ரொம்பக் குடிக்குமே?"

"குடிக்கிறதாவது! பங்க்ல என் முகமே மறந்து போயிருக்கும் சார்."

பங்க்கில் டீசல் அடிக்கிறவர் அன்று காலைதான் அவருடைய மனைவியின் முழங்கால் வலியை விசாரித்திருந்தார்.

"ஆச்சரியமா இருக்கே" என்று டிராயரை மூடினார் மேனேஜர். "எங்கிட்ட இருந்தப்ப... சரி, சனிக்கிழமை சாயங்காலம் என்னை வீட்ல விட்டுடுறீங்களா? ஒரு தடவ உக்காந்து பாக்கணும்."

ஸ்டோர் கீப்பர் நான்கு நாள் மெக்கானிக்கின் காலைச் சுற்றினார். ரேடியேட்டர், பேட்டரி, பிரேக் எல்லாமே புதிது. பழைய வண்டியில் பழையதாக மிச்சமிருந்தது கூடு மட்டும்தான். மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

சனிக்கிழமை வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. முக்கவில்லை, முனகவில்லை. மேனேஜர் வீட்டு வாசலில் இறங்கி, பானெட்டைத் தடவிக் கொடுத்தார்.

"அப்ப தப்பு வண்டி மேல இல்ல. எனக்குத்தான் வெச்சுக்கத் தெரியல" என்றார்.

"வண்டின்னா இந்த மாடல்தான் சார். மத்ததெல்லாம் தகர டப்பா!"

அடுத்த தெருமுனை திரும்பியதும் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. வண்டி நின்றது. மழையும் பிடித்துக்கொண்டது. ஸ்டோர் கீப்பர் நனைந்துகொண்டே நடந்து வீடு வந்து சேர்ந்தார்.

கூடத்தில் மூன்று இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி நிரம்பிய வாளியை வெளியே கொட்டிவிட்டு, வளையல் இல்லாத வெறுங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"தலையைத் துவட்டுங்க, சளி பிடிச்சுக்கும்" என்றாள் அவள்.

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆபீசராவது ஒன்றாவது. வெறும் பயந்தாங்கொள்ளித்தனத்துக்கு இவள் ஏன் வாளி சுமக்க வேண்டும்?

"திங்கக்கிழமை உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன். லிஸ்ட்ல பேர் போனா போகட்டும்."

அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை வாசகத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனார். 'சார், அந்த வண்டி ஒரு தண்டம்.' மேனேஜர் அறையில் ஆள் இல்லை. டிராயர் முழுக்கத் திறந்து, காலியாகக் கிடந்தது. லிஸ்ட் போய்விட்டது! அவர் மனதில் ஒரு சின்ன ஆசை மறுபடி தலைதூக்கத்தான் செய்தது.

கீழே நிறுத்துமிடத்தில் அட்டெண்டர் ஈரத்துணியால் ஒரு எஸ்.யூ.வி.யைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதே மாடல், அதே வயசு, நிறம் மட்டும் வேறு. அடியில் சின்னதாக எண்ணெய்த் திட்டு ஒன்று பரவிக்கொண்டிருந்தது.

"மேனேஜர் எங்க? டிராயர் காலியா இருக்கே, லிஸ்ட் அனுப்பிட்டாரா?"

"லிஸ்ட்டா? அது தலைமை ஆபீஸ்லேருந்து வர்றது, இங்க ஏது?" அட்டெண்டர் துணியைப் பிழிந்தார். "டிராயர்ல இருந்தது உங்க பணம் சார். காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டியைத் தலையில கட்டிட்டோமேன்னு மனசு உறுத்தி, நீங்க ஒரு வார்த்தை குறை சொன்னா அப்படியே திருப்பிக் கொடுத்துடலாம்னு கவர்ல போட்டு வெச்சிருந்தாரு. சனிக்கிழமை உங்ககூடப் போயிட்டு வந்தாரு பாருங்க, நேத்தே அந்தக் கவரைக் கொடுத்து இதை வாங்கிட்டாரு!"